கப்பலாட்களை இறக்கிவிடாதேயுங்கள்!

தியான வேதபகுதி: அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரம்

  

இந்த மாதம் ஒரு கப்பலைக் குறித்தும், ஒரு வியாதியைக் குறித்தும் உங்களோடு பேச ஆவியானவர் என்னை ஏவினார். பொறுமையாய் முழுவதும் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத தாய்மாருக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

வாக்குத்தத்தமும் கப்பலாட்களும்

அப்போஸ்தலர் 27-ஐ மீன்பிடிக்கிற ஊரில் பிரசங்கிப்பது லேசு. கேட்கிறவர்களுக்கே பாதி தெரிந்திருக்கும். பவுல் கைதியாய் ரோமாபுரிக்குப் போகிறார். கப்பலில் 276 பேர். வாடைக் காலத்தில் நம்முடைய கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய புயல். அநேக நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. எல்லாரும் நம்பிக்கை இழந்த வேளையில் தேவதூதன் பவுலின் பக்கத்தில் வந்து நிற்கிறான். கப்பல் போனாலும் ஒரு உயிர்கூடப் போகாது என்று உறுதி கொடுக்கிறான். பவுலும் அதை எல்லாருக்கும் தைரியமாய் அறிவிக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். பதினாலாம் இராத்திரி கரை நெருங்குகிறது. கப்பல் ஓட்டத் தெரிந்த ஆட்கள் நங்கூரம் போடுகிற சாக்கில் சின்னப் படகை இறக்கி நைசாகத் தப்பப் பார்க்கிறார்கள். பவுல் என்ன செய்தார்? "போனால் போகட்டும், தூதன் சொல்லியாயிற்று, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றாரா? இல்லை! நூற்றுக்கு அதிபதியைக் கூப்பிட்டு, இவர்கள் கப்பலை விட்டுப் போனால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்று எச்சரித்தார். சேவகர் கயிற்றை அறுத்துப் படகை விழவிட்டார்கள்.

தேவ பிள்ளைகளே, இதை நிதானியுங்கள். வாக்குத்தத்தம் முன்பே கிடைத்துவிட்டது. ஆனாலும் தொழில் தெரிந்தவன் கப்பலில் இருந்தாகவேண்டும். வாக்குக் கொடுத்த தேவனே கப்பலாட்களையும் அந்தக் கப்பலில் வைத்திருந்தார். ஜெபிக்கிறவன் ஒரு பக்கம், சுக்கான் பிடிக்கிறவன் ஒரு பக்கம். இரண்டு பேரும் அதே தேவனுடைய கையில்.

ஒரு வீட்டிலிருந்து வந்த கேள்வி

இப்போது ஏன் இதைப் பேசுகிறேன்? நம்முடைய சபையில் ஒரு சகோதரர். பெயர் வேண்டாம், அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். சில மாதங்களாய் அவருக்குச் சிறுநீரில் இரத்தம் போயிருக்கிறது. வலி இல்லை. இரண்டு நாள் போகும், பிறகு நின்றுவிடும். சூடு என்று இளநீர் குடித்துவிட்டுச் சும்மா இருந்தார். முதுகில் ஒரு பக்கம் பாரமாக இருக்கவே ஸ்கேன் எடுத்தார்கள். வலது சிறுநீரகத்தில் 5 சென்டிமீட்டர் கட்டி. புற்றுநோயாகத்தான் இருக்கும், ஆபரேஷன் செய்யவேண்டும் என்று மருத்துவர்கள் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

அவருடைய மனைவி என்னிடம் வந்து அழுதார்கள். "ஐயா, வியாதியை நினைச்சுக்கூட நான் இவ்வளவு அழலை. ஜெபத்துக்கு வந்தவங்க சொல்லிட்டுப் போறாங்க, கத்தி வெச்சுட்டா விசுவாசத்தை மறுதலிச்ச மாதிரி, கர்த்தர் கையை எடுத்துடுவாருன்னு. இன்னொருத்தர் சொல்றாங்க, ஒரு கிட்னியை எடுத்துட்டா அப்புறம் கடலுக்கே போகமுடியாதுன்னு. எங்க வீட்டுக்காரர் இப்போ ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேங்கிறாரு. நான் என்னய்யா பண்ணட்டும்?"

பிரியமானவர்களே, அந்தச் சகோதரியின் கண்ணீருக்கு நாம் பதில் சொல்லவேண்டும். ஒரு மனுஷனுடைய உயிர் இதில் இருக்கிறது. ஆகவே வேதம் என்ன சொல்லுகிறது, வைத்தியம் என்ன சொல்லுகிறது, இரண்டையும் நான் விசாரித்து அறிந்தபடி எழுதுகிறேன்.

கர்த்தர் உண்டாக்கின உள்ளிந்திரியங்கள்

சங்கீதம் 139:13-ல் தாவீது தன்னுடைய உள்ளிந்திரியங்களைக் கர்த்தருடைய கைவேலை என்று சொல்லித் துதிக்கிறான். உள்ளிந்திரியங்கள் என்ற இடத்தில் எபிரெய மொழியில் இருக்கிற சொல் சிறுநீரகங்களையே குறிக்கும். லேவியராகமத்தில் பலிமிருகத்தின் குண்டிக்காய்கள் என்று வாசிக்கிறோமே, அங்கேயும் அதே சொல்தான். கர்த்தர் சோதித்து அறிகிறார் என்று வேதம் சொல்லும்போது இருதயத்தோடு சேர்த்து இதையும் சொல்லுகிறது.

அதன் வேலையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். முதுகுப் பக்கத்தில் விலா எலும்பை ஒட்டி இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரு கைமுட்டி அளவு. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டி, நல்லதை எல்லாம் இரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மாத்திரம் சிறுநீராக வெளியே அனுப்புகிறது. எந்தத் தொழிற்சாலை இதைச் செய்யும்? கர்த்தருடைய கிரியைகள் மகத்துவமானவைகள்!

கூண்டு ஏறிவிட்டால் கடலுக்குப் போகலாமா?

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் நம்முடைய ஆட்கள் படகை மேலே இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். அது அவிசுவாசமா? இல்லை, புத்தி. சிறுநீரில் இரத்தம் வருவதும் கர்த்தர் சரீரத்தில் ஏற்றுகிற கூண்டுதான். கல்லாக இருக்கலாம், கிருமியாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். ஒரு நாள் வந்து தானாக நின்றாலும் போய்க் காட்டியே ஆகவேண்டும். வலி இல்லாமல் வருகிற இரத்தத்தை இன்னும் அதிகமாய்ப் பயத்தோடு பார்க்கவேண்டும். முதுகின் ஒரு பக்கத்தில் விடாத வலி, வயிற்றின் பக்கவாட்டில் கட்டி, காரணமில்லாமல் எடை குறைதல், விட்டுவிட்டுக் காய்ச்சல், இவைகளும் அடையாளங்கள். அநேகருக்கு ஒரு அடையாளமும் இல்லாமல், வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவருகிறது.

நம்முடைய ஆண்களுக்குச் சிறுநீரைப் பற்றிப் பேச வெட்கம். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள ஸ்திரீயும் வெட்கத்தோடு பின்னாலே வந்து தொட்டாள் (மாற்கு 5). ஆண்டவரோ அவளை எல்லாருக்கும் முன்பாகப் பேசவைத்து, மகளே என்று கூப்பிட்டு அனுப்பினார். வெட்கம் வியாதியை மறைக்கும், சுகமாக்காது.

எதனால் வருகிறது? பீடி, சிகரெட் ஒரு காரணம். அதிக உடல் பருமன் ஒரு காரணம். கவனிக்காமல் விட்ட இரத்தக் கொதிப்பு ஒரு காரணம். தினமும் கருவாடும் ஊறுகாயுமாய் உப்பை ஏற்றிக்கொண்டு பி.பி. மாத்திரையை மறந்துவிடுகிற வீடுகள் நம்மிடம் இல்லையா? சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். பட்டறைகளில் இரும்புச் சாமான்களின் கிரீஸைக் கழுவ உபயோகித்த டிரைகுளோரோஎத்திலீன் என்கிற திரவம் சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-ல் தீர்மானித்தது. தொழிற்சாலையில் வேலை செய்த சகோதரர்கள் மருத்துவரிடம் தங்கள் வேலை விவரத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

"ஐயா, முகத்துவாரத்தில் சாம்பல் கொட்டினார்களே, 2017 ஜனவரியில் கப்பல் மோதி எண்ணெய் வந்ததே, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வீட்டுக்குள்ளேயே எண்ணெய் வந்ததே, அதனாலா?" என்று கேட்கிறீர்கள். ஒரு தனி மனுஷனுக்கு வந்த வியாதிக்கு இதுதான் காரணம் என்று எந்த மருத்துவரும் கைகாட்டிச் சொல்ல முடியாது. சுத்தமான தண்ணீருக்காகவும் காற்றுக்காகவும் நாம் கேட்பது நியாயம், தொடர்ந்து கேட்போம். அதற்காக இன்றைக்கு வந்த கட்டிக்கு இன்றைக்குச் செய்யவேண்டிய வைத்தியத்தை ஒத்திப்போட முடியாது.

மருத்துவர் முன்பாக இருக்கிற வழிகள்

சிறுநீரகப் புற்றுநோய்க்கு ஒரே வைத்தியம் எல்லாருக்கும் கிடையாது. கட்டி எவ்வளவு பெரியது, எங்கே பரவியிருக்கிறது, மற்றச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். அதற்குத்தான் சி.டி. ஸ்கேன், இரத்தத்தில் கிரியாட்டினின் பரிசோதனை எல்லாம். 7 சென்டிமீட்டருக்கு உட்பட்டுச் சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்தால் முதல் நிலை. அதைவிடப் பெரிதாகி உள்ளேயே இருந்தால் இரண்டாம் நிலை. பக்கத்திலுள்ள பெரிய இரத்தக் குழாய்க்கோ, சுற்றியுள்ள கொழுப்புக்கோ, நெறிக்கட்டிக்கோ போயிருந்தால் மூன்றாம் நிலை. நுரையீரல், எலும்பு என்று தூரமாய்ப் போயிருந்தால் நான்காம் நிலை.

1. பார்த்துக்கொண்டிருத்தல். கட்டி மிகச் சிறியதாயும் நோயாளி மிகவும் வயதானவராயும் பலவீனராயும் இருந்தால், உடனே கத்தி வைக்காமல் குறித்த காலத்தில் ஸ்கேன் எடுத்துக் கவனிப்பார்கள். சொன்ன தேதியில் போகாமல் வீட்டில் இருந்துவிட்டால் அதற்குப் பெயர் வைத்தியம் அல்ல.

2. கட்டியை மட்டும் எடுத்தல். சின்னக் கட்டியானால் அதையும் சுற்றிக் கொஞ்சத்தையும் எடுத்துவிட்டு, மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவார்கள். முடிந்த இடத்தில் இதுதான் நல்லது.

3. ஒரு சிறுநீரகம் முழுவதையும் எடுத்தல். கட்டி பெரிதாயிருந்தால் அல்லது நடுவில் இருந்தால் இது தேவைப்படும். வயிற்றைத் திறந்தும் செய்யலாம், சிறு துளைகள் வழியாய் லேப்ராஸ்கோப் முறையிலும் செய்யலாம். லேப்ராஸ்கோப் மூலம் முதன்முதல் 1990-ல் அமெரிக்காவில் செய்தார்கள். இன்றைக்கு நம்முடைய ஊரிலும் செய்கிறார்கள்.

4. உறையவைத்தோ சுட்டோ அழித்தல். ஆபரேஷனைத் தாங்கமுடியாதவருக்குச் சின்னக் கட்டியில் ஊசி செலுத்திக் கடுங்குளிராலோ வெப்பத்தாலோ அழிக்கிற முறை.

5. மாத்திரையும் ஊசியும். வியாதி பரவியிருந்தால் இவை. "கேன்சர்னா கீமோதானே, முடி கொட்டிடுமே" என்று பயப்படுகிறீர்கள். பெரியவர்களுக்குச் சாதாரணமாய் வருகிற சிறுநீரகப் புற்றுநோய் வழக்கமான கீமோ மருந்துக்கு அதிகம் கட்டுப்படாது. அதற்குப் பதிலாகக் கட்டிக்கு இரத்தம் போகிற வழியை அடைக்கிற சுனிடினிப், பசோபனிப் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. சரீரத்தின் சொந்த எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு விரோதமாய் எழுப்பிவிடுகிற ஊசிகளும் இருக்கின்றன. அதற்கு வழிதிறந்த கண்டுபிடிப்புக்காக அமெரிக்காவின் ஆலிசன், ஜப்பானின் ஹோன்ஜோ ஆகிய இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் வெடிக்கலாம், வயிற்றுப்போக்கு, அசதி, பி.பி. ஏற்றம் வரலாம். வலை இழுக்கிற கைக்கு இது பெரிய கஷ்டம். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம்.

6. கதிர்வீச்சு. எலும்புக்கோ மூளைக்கோ பரவியிருந்தால் வலியைக் குறைக்கவும் கட்டியை அடக்கவும் உதவுகிறது.

இவைகளில் எது உங்களுக்கு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்லவேண்டும், போதகர் அல்ல. சந்தேகம் இருந்தால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள், அது தவறில்லை. ஆனால் பஸ்பம் என்றும் பெயர் தெரியாத பொடி என்றும் கொண்டுவருகிறவர்களிடம் ஜாக்கிரதை. மெடிக்கல் ஷாப்பில் நாமாக வாங்கிப் போடுகிற வலி மாத்திரையும் சிறுநீரகத்துக்குச் சத்துரு.

ஒரு சிறுநீரகத்தோடு வாழமுடியுமா?

முடியும். 1869-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்தில் குஸ்டாவ் சைமன் என்கிற மருத்துவர், மனுஷன் ஒரே சிறுநீரகத்தோடு உயிர்வாழ முடியுமா என்று முதலில் நாய்களில் சோதித்து, பிறகு ஒரு பெண்ணுக்கு ஒரு சிறுநீரகத்தை எடுத்தார். அவர் எடுத்தது புற்றுநோய்க்காக அல்ல. அந்தப் பெண் பிழைத்தாள். அன்றைக்குத் திறந்த வழி அது. 1971-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாய் நடந்தது முதல், நம்முடைய தேசத்தில் எத்தனையோ தாய்மார் பிள்ளைகளுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதோடு நன்றாய் வாழ்கிறார்கள்.

நம்முடைய ஜனங்கள் "கிட்னி ஆபரேஷன்" என்ற வார்த்தைக்கே ஏன் நடுங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் பெண்கள் வறுமையினால் தரகரிடம் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007-ல் தேசமெங்கும் வந்தது. விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1994-லேயே சட்டம் வந்திருந்தும் அப்படி நடந்தது. அது ஏழையின் சரீரத்தைக் கொள்ளையிட்ட பாவம். ஆனால் புற்றுநோய் வந்த சிறுநீரகத்தை உயிர் காக்க எடுப்பது வேறு. எடுத்ததை யாருக்கும் வைப்பதற்காக அல்ல. லேபுக்கு அனுப்பி, எந்த வகை, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கத்தான் எடுக்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரமாய் வையுங்கள்.

காயம் ஆறி மருத்துவர் சொல்லுகிறவரை பாரம் தூக்கக்கூடாது, வலை இழுக்கக்கூடாது. அதற்குப் பிறகு அநேகர் தங்கள் பழைய தொழிலுக்குத் திரும்புகிறார்கள். பி.பி.யையும் சர்க்கரையையும் கட்டுப்பாட்டில் வைத்து, உப்பைக் குறைத்து, பீடியை விட்டு, குறித்த நாளில் ஸ்கேனுக்குப் போகவேண்டும். ஒரு இன்ஜின் உள்ள படகைப் பார்த்து ஓட்டுகிறோம் அல்லவா? அப்படித்தான்.

விலையேறப்பெற்ற மருந்தும் ஏழையின் நியாயமும்

"இதெல்லாம் பணக்காரனுக்கு, பாஸ்டர்" என்கிறீர்களா? ஒரு காரியம் சொல்லுகிறேன். பரவின சிறுநீரகப் புற்றுநோய்க்கும் கல்லீரல் புற்றுநோய்க்கும் சோராஃபெனிப் என்கிற மாத்திரை 2005-க்குப் பிறகு வந்தது. ஜெர்மனியின் பேயர் கம்பெனி அதை இந்தியாவில் மாதத்துக்கு ஏறக்குறைய 2,80,000 ரூபாய்க்கு விற்றது. யாரால் வாங்கமுடியும்? 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அதிகாரி, ஜனங்களுக்கு எட்டாத விலையில் மருந்து இருப்பது நியாயமல்ல என்று ஐதராபாத் நாட்கோ கம்பெனிக்கு அதே மருந்தைச் செய்ய உத்தரவு கொடுத்தார். இந்தியாவில் அப்படிப்பட்ட உத்தரவு அதுவே முதல். விலை மாதத்துக்கு 9,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. மேல்முறையீடு எங்கே வந்தது தெரியுமா? நம்முடைய சென்னையில் அன்று இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கு. 2013 மார்ச்சில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையிலான அமர்வு அந்த உத்தரவை உறுதிப்படுத்தினது. 2014 டிசம்பரில் உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. இன்று அதைவிடப் பலன் தரும் மருந்துகள் வந்துவிட்டன. ஆனாலும் அந்த நாளில் ஏழையின் வழக்கு விசாரிக்கப்பட்டது. லூக்கா 18-ல் ஓயாமல் கேட்ட விதவையை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் நியாயம் வராது.

இன்றைக்கும் கேளுங்கள். ராயபுரம் பக்கத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை, நம்முடைய தாத்தா பாட்டி கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொன்னது, பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே சிறுநீரக அறுவை சிகிச்சைப் பிரிவு உண்டு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தன் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்தது அது. டாக்டர் சாந்தா 2021-ல் மரிக்கும்வரை அங்கேயே ஏழைகளுக்காக உழைத்தார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை வழி உண்டு. குடும்ப அட்டையும் வருமானச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸிலுள்ள திட்ட மையத்தில் பதியுங்கள். வியாதி வந்தபிறகு ஓடாமல் இப்போதே செய்யுங்கள்.

"ஆசா ராஜா வைத்தியரைத் தேடினானே?"

உடனே ஒருவர் வேதத்தைத் திறப்பார்: 2 நாளாகமம் 16. ஆசா தன் கால் வியாதியில் வைத்தியரைத் தேடினான், மரித்தான். உண்மை. ஆனால் முழு அதிகாரத்தையும் வாசியுங்கள். அவன் முன்பே சீரியாவின் ராஜாவை நம்பினான். கடிந்துகொண்ட தீர்க்கதரிசியைக் காவலில் வைத்தான். ஜனங்களை ஒடுக்கினான். கடைசியில் வியாதியிலும் கர்த்தரைத் தேடவில்லை. அங்கே குற்றம் வைத்தியரிடம் போனது அல்ல, கர்த்தரை விட்டது.

எசேக்கியாவைப் பாருங்கள். சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுதான். கர்த்தர் 15 வருஷம் கூட்டிக்கொடுத்தார். அதே தீர்க்கதரிசி, அதே வாயினால், அத்திப்பழ அடையைக் கட்டியின்மேல் வைக்கச் சொன்னார் (ஏசாயா 38). வாக்கும் கர்த்தருடையது, அடையும் கர்த்தருடையது! பவுலோடு கூடவே பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியன். நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினதோடு, சத்திரத்துச் செலவுக்கு இரண்டு பணமும் கொடுத்துவிட்டுப் போனான். யாக்கோபு 5-ல் மூப்பர்கள் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்கவேண்டும் என்று இருக்கிறது. வைத்தியனைத் துரத்தவேண்டும் என்று இல்லை.

இன்றைக்கும் இயேசு அற்புதம் செய்கிறாரா? ஆம், செய்கிறார்! ஒரு நொடியில் அந்தக் கட்டியைக் கரைக்க அவர் வல்லவர். அதற்காகவே உபவாசித்து ஜெபிக்கிறோம். ஆனால் அவர் சுகமாக்கின குஷ்டரோகிகளை என்ன செய்யச் சொன்னார்? ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார் (லூக்கா 17). அந்நாளில் பரிசோதித்துச் சான்று சொல்லுகிறவன் ஆசாரியன். கர்த்தர் செய்த சுகம் பரிசோதனைக்குப் பயப்படாது. ஆகவே யாராவது "கட்டி போயிற்று" என்று சாட்சி சொன்னால், ஸ்தோத்திரம்! ஸ்கேனையும் எடுத்து வாருங்கள். அது கர்த்தரைச் சோதிப்பது அல்ல, அவருக்கு மகிமை செலுத்துவது. ஸ்கேன் எடுக்காமல் மருந்தை நிறுத்தும்படி யாருக்கும் சொல்ல நம்முடைய சபையில் ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. மேடையிலும் இல்லை, ஜெபவீட்டிலும் இல்லை.

சுகம் வராவிட்டால்?

இதையும் சொல்லாமல் விட்டால் நான் உண்மையுள்ள ஊழியக்காரன் அல்ல. வைத்தியமும் செய்து, ஜெபமும் செய்து, சிலர் கடந்துபோகிறார்கள். அப்போது வீட்டுக்குள் நுழைந்து "ஏதோ மறைவான பாவம் இருக்கு", "விசுவாசம் குறைச்சல்" என்று சொல்லாதேயுங்கள். யோபுவின் சிநேகிதர் அப்படித்தான் பேசினார்கள். கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல் மூண்டது. எலிசா எவ்வளவு வல்லமையுள்ள தீர்க்கதரிசி! வியாதியாய்க் கிடந்துதான் மரித்தார். அதே எலிசாவின் எலும்புகளைத் தொட்ட பிரேதம் உயிரோடு எழுந்தது (2 இராஜாக்கள் 13). வியாதியில் மரித்தவனிடத்தில் வல்லமை இல்லை என்று யார் சொல்லமுடியும்? பவுல் தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாய் விட்டுவந்தார். அவனைக் குற்றப்படுத்தி ஒரு வரிகூட எழுதவில்லை.

நான்காம் நிலையிலும் வைத்தியம் உண்டு. வலி தீர மார்ஃபின் போன்ற மருந்தை மருத்துவர் கொடுத்தால், பழக்கமாகிவிடும் என்று பயந்து மறுக்கவேண்டாம். வலியில் துடிக்கிறவருக்கு நிம்மதியாய்ப் படுத்து ஜெபிக்க ஒரு இராத்திரி கிடைப்பதும் தேவ கிருபையே.

சபையே, இப்போது நம்முடைய பங்கு

அந்தச் சகோதரருடைய வீட்டுக்குப் போய் நானும் மூப்பர்களும் எண்ணெய் பூசி ஜெபித்தோம். பிறகு இந்த 27-ஆம் அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து வாசித்தோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "பதினாலு நாள் சாப்பிடாம கெடந்தவங்களுக்கு முதல்ல அப்பத்தைத்தானேய்யா பிட்டுக் குடுத்தாரு?" என்று கேட்டார். ஆம், பவுல் கரை சேருவதற்கு முன்பே அவர்களைச் சாப்பிடச் சொன்னார். பலம் வேண்டும் அல்லவா? நம்முடைய சகோதரரும் சாப்பிடவும், ஆஸ்பத்திரிக்குப் போகவும் சம்மதித்திருக்கிறார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஆகவே சபையாருக்கு நான் கேட்டுக்கொள்ளுகிறது:

இரத்தம் கொடுக்கக்கூடிய வாலிபர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு மூப்பரிடம் பெயர் கொடுங்கள். பாஷை பேசி ஜெபிக்கிற வாலிபன் ஒரு யூனிட் இரத்தம் கொடுக்கவும் ஆயத்தமாய் இருக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க இராத்திரிக்கு ஒருவராய்ச் சகோதரர்கள் வாருங்கள். சகோதரிகளே, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சாப்பாட்டை ஒவ்வொரு வீடும் ஏற்றுக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் அவருடைய படகையும் வலையையும் பார்த்துக்கொள்ளுங்கள்; அந்தப் பங்கு அவருடைய வீட்டுக்கே போகட்டும். மருத்துவருக்காகவும், மயக்க மருந்து கொடுக்கிறவருக்காகவும், நர்ஸ் பிள்ளைகளுக்காகவும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அவர்கள்தான் நம்முடைய கப்பலாட்கள்.

இன்னும் ஒன்று. இதை வாசிக்கிற யாருக்காவது சிறுநீரில் இரத்தம் கண்டிருந்தால், அடுத்த உபவாச ஜெபம் வரைக்கும் காத்திருக்கவேண்டாம். நாளைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியாய்ப் போகப் பயமாக இருந்தால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து போவோம்.

அந்தக் கப்பலில் 276 பேரும் கரை சேர்ந்தார்கள். எல்லாரும் ஒரே விதமாய்ச் சேரவில்லை. நீந்தத் தெரிந்தவன் நீந்தினான். மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டும் கப்பலின் உடைந்த துண்டுகளைப் பிடித்துக்கொண்டும் வந்தார்கள். பலகையைப் பிடித்து வந்தவனும் கர்த்தருடைய வாக்கினால்தான் பிழைத்தான்.

ஜெபிப்போமா? எங்கள் உள்ளிந்திரியங்களை உருவாக்கின பிதாவே, சிறுநீரகத்தில் வியாதியோடு இருக்கிற உம்முடைய பிள்ளைகள்மேல் இரக்கமாயிரும். நீர் தொட்டால் போதும் ஆண்டவரே. அறுக்கிற கையையும் கட்டுகிற கையையும் நீரே பிடித்துக்கொள்ளும். பயத்தை எடுத்துப்போடும். வீணாய்ப் பேசுகிற நாவுகளைக் கட்டும். செலவுக்குத் திகைக்கிற வீடுகளுக்கு வழி திறந்தருளும். ஜீவனானாலும் மரணமானாலும் உம்முடைய பிள்ளைகள் உம்முடையவர்களே. இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக.

உங்கள் ஜெபத்தை வாஞ்சிக்கிற,
கிறிஸ்துவின் பணியில்,
சபைப் போதகர், நெட்டுக்குப்பம்